பூஜி

ஜாரி வீதியில், கராஜின் இரும்புக் கதவுக்கு வெளியே
மைனஸ் இருபத்திரண்டு.
இருமி இருமி வந்த கொரொல்லாவை உள்ளே விட்டுவிட்டு
நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தாள்
மடம் தசாதித்.

நாலு பிளக்கும் போய்விட்டது என்றேன்.
மொன்றியலில் அதற்குப் பெயர் பூஜி.
வந்த முதல் கிழமையே முதலாளி சொல்லித்தந்த சொல்,
'சம்பளம்' என்ற சொல்லுக்கும் முன்னால்.
பதினாலு வருஷமாய்
நாளைக்கு இருபது தரம் சொல்கிறேன்.

எந்த ஊர் நீங்கள் என்று கேட்டது சும்மா,
சாவி சுற்றும் நேரத்தைப் போக்க.
"உன் கையில் இருக்கிறதே," என்றாள், "அதுதான்."

கையில் இருந்தது
முனை கறுத்த ஒரு பீங்கான் துண்டு.

அல்ஜியர்ஸுக்குக் கிழக்கே
மலை கடலுக்குள் கால் நீட்டும் இடத்தில் ஒரு துறைமுகமாம்.
அங்கிருந்து தேன்மெழுகு கப்பலேறிற்றாம்.
பிரெஞ்சுக்காரர்கள் மெழுகைத் திரியாக்கி ஏற்றி,
திரிக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள்.
பிறகு மின்சாரம் வந்தது.
எஞ்சினுக்குள் பொறி தெறிக்க இந்தச் சாமான் வந்தது.
பெயர் மட்டும் இறங்க மறுத்து
அடுத்த வண்டியிலும் ஏறிக்கொண்டது.

"நாங்கள் ப்கயெத் என்போம். அரபியில் பிஜாயா.
ரோமர்களுக்குச் சால்தே.
வந்தவனெல்லாம் ஒரு பெயர் வைத்தான்,
ஒருவனும் வாடகை தரவில்லை."

பீசா நகரத்து வணிகன் ஒருவனின் பையன்
அந்தத் துறையில்தான் கணக்குப் படித்தானாம்,
ஒன்பது இந்திய எண்ணும் ஒரு சைபரும்.
"உங்கள் பக்கத்துச் சரக்குத்தானே?"
தலையாட்டினேன்,
பூச்சியத்தை நானே மூட்டை கட்டி அனுப்பியவன் போல.

இரண்டாவது பிளக் அசையவில்லை.
எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.

காத்திருந்த நேரத்தில் ஒரு சுரங்கம்:
ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர
ரோமர் காலத்தில் மலையைக் குடைந்தார்கள்,
இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம்.
நடுவில் சந்திக்கவேயில்லை.
இரண்டு சுரங்கத்தின் நீளத்தையும் கூட்டிப் பார்த்தால்
மலையின் அகலத்தை விட அதிகம்.
அளக்கத் தெரிந்தவன் திரும்பி வந்து
குறுக்கே வெட்டிச் சேர்க்கவேண்டியிருந்தது.

அவளுடைய பிரெஞ்சு, ஆண்டவர்கள் விட்டுப்போனது.
என்னுடையது, மாலைப் பள்ளியில் இலவசமாய்த் தந்தது.
ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போனோம்.
இடையில் எங்கோ உளிச்சத்தம் மட்டும் கேட்டது.

உறைமழை பெய்த அந்த வருஷம் நான் இங்கே இல்லை.
மின்கம்பமெல்லாம் முறிந்து கிடக்க
கடை வாசலில் வரிசையாய் நின்றார்களாம்:
பூஜி இருக்கா? பூஜி இருக்கா?
"முழு நகரமும் என் ஊரைக் கேட்டது," என்றாள்,
"ஒருவருக்கும் கிடைக்கவில்லை."

திரும்பப் போவீர்களா என்று கேட்டிருக்கக் கூடாது.
பதில் வரவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள்:
சகாராவிலிருந்து வரும் குழாய்
அவள் ஊர்க் கடலில்தான் முடிகிறது,
அப்பாவுக்கு அந்த எண்ணெய்த் துறையில் வேலை,
உன் சட்டையில் அவருடைய சட்டை மணக்கிறது.

நாற்காலி ஏன் துடைக்கப்படவில்லை என்று
அப்போதுதான் விளங்கிற்று.

தொண்ணூற்றாறு டொலர் என்று பில் எழுதினேன்.
"என் ஊரை எனக்கே விற்கிறாயா?"
எண்பது என்று மாற்றினேன்.
அந்தச் சைபரை மட்டும்
தேவைக்கு மேல் வட்டமாய்ப் போட்டிருக்கிறேன்.

முதல் திருப்பலில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் பற்றிக்கொண்டது.
வெள்ளைப் புகை விட்டு, சிக்னல் போடாமலே
வலப்பக்கம் திரும்பிப் போனாள்.

கழற்றிய நாலையும் இன்னும் எறியவில்லை.
முதலாளி இல்லாத நேரம்
ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன்.
பெற்றோல்.
பெற்றோல் மட்டும்தான்.